எழிலா, மதியா, சுடரா? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆகிவரும் பெயர் தேடுகிறவர்களுக்கு

இந்தியாவில் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். 1994இல் வந்த சட்டம் அது. எந்த ஸ்கேன் மையத்துக்குப் போனாலும் வாசலிலேயே பலகை மாட்டியிருப்பார்கள். அதனால் பெயர் யோசிக்கிற வீடுகளில் எப்போதும் இரண்டு பட்டியல் ஓடும். பிறந்த அன்றைக்கு அதில் ஒன்று குப்பைக்குப் போகும். லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, பாதிப் பட்டியலை அப்போதே கழித்துவிடுகிறார்கள்.

இரண்டு பட்டியல் எதற்கு, யாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பட்டியல் போட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். என் தங்கையும் அந்தக் கட்சி. அவளும் மாப்பிள்ளையும் சண்டை போட்டுக் கடைசியில் மிச்சம் வைத்த பெயர்கள் ஐந்து: எழில், மதி, சுடர், யாழ், கிரண். நான்கும் அவள் பக்கம். கிரண் மட்டும் மாப்பிள்ளை புனேயில் வேலை பார்த்த காலத்திலிருந்து மனதில் வைத்திருந்த பெயர். ஐந்தையும் எடைபோட்டுச் சொல் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். இதே யோசனையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால், அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது ஏதோ புது நாகரிகம் என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள். அவர்கள் ஊரிலேயே இது உண்டு. திருநெல்வேலிப் பக்கம் தெருவில் நின்று "இசக்கி" என்று கூப்பிட்டால் ஒரு பையனும் திரும்புவான், ஒரு பெண்ணும் திரும்புவாள். ஏட்டில் அவன் இசக்கிமுத்து, அவள் இசக்கியம்மாள். பேச்சி, மாரி, காளி, முத்து, பொன்னு எல்லாம் இப்படித்தான். பேச்சிமுத்துவும் பேச்சியம்மாளும் ஒரே வகுப்பில் படித்த ஊர்கள் எத்தனையோ. இன்னொரு பக்கம் மணி, தங்கம், ரத்தினம், செல்வம் என்று வாலே இல்லாமல் ஆண்களும் பெண்களும் வாழ்ந்து முடித்த பெயர்கள் இருக்கின்றன. குலசாமியின் பெயரையும் வீட்டிலுள்ள பொன்னையும் பொருளையும் பிள்ளைக்கு வைக்கும்போது ஆண் பெண் என்று யாரும் பார்க்கவில்லை.

இப்போது பட்டியலில் இருக்கும் எழில், சுடர் வகைப் பெயர்களின் கதை வேறு. 1916இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது தம் பெயரிலிருந்தே தொடங்கினார். வேதாசலம் மறைமலை ஆனார். அடுத்த தலைமுறையில் திராவிட இயக்கத்தார் அதை ஊரெங்கும் கொண்டுபோனார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பிறகு பிறந்த குழந்தைகளுக்கு எழிலரசன், எழிலரசி, மதியழகன், வெண்மதி, சுடர்விழி, தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி என்று வந்தன. அந்தப் பெயர்களில் ஆணா பெண்ணா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. அழகன், செழியன், அரசன் ஒரு பக்கம்; அரசி, செல்வி, விழி, கொடி இன்னொரு பக்கம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில் பெயர் சுருங்கியது. வாலை வெட்டினார்கள், முன்பாதி மட்டும் நின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர் வைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. சின்னப் பெயராக இருக்கட்டும் என்று சுருக்கினார்கள், அது பொதுவாகிவிட்டது.

அதனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வெட்டிய பிறகு மிஞ்சியது தனியாக நிற்கிறதா, இல்லை வாலைத் தேடுகிறதா? பொருள் எல்லாப் பெயருக்கும் நன்றாகத்தான் இருக்கும். கெட்ட பொருளில் யாரும் பெயர் வைப்பதில்லை. ஆனால் மருத்துவமனை கவுன்டரில் "எழிலா? எழிலரசியா, எழிலரசனா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி வாழ்நாள் முழுக்க வரும். அடுத்து, வீட்டு வாய்க்கும் வெளியூர் வாய்க்கும் அது நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, உண்மையிலேயே இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்களா. இந்த மூன்றாவதில்தான் நிறையப் பெயர்கள் விழுகின்றன. அகராதிப்படி கவின், முகில், கதிர் யாருக்கும் வைக்கலாம். ஆனால் கவின் என்றதும் பையன்தான் மனதில் வருகிறான். நிலா, மலர், இசை அதேபோலப் பெண் பக்கம் சாய்ந்துவிட்டன. ஊரே ஒரு பக்கம் சாய்த்துவிட்ட பெயரை ஒரு வீடு மட்டும் நிமிர்த்த முடியாது. முயற்சி செய்யலாம், ஆனால் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியது பிள்ளைதான்.

எழிலில் ஆரம்பிக்கிறேன், என் மனசு அங்கேதான் இருக்கிறது. சங்கப் பாட்டுகளிலேயே புழங்கிய சொல். அழகு என்றுதான் பொருள், ஆனாலும் 'அழகு' போல முகத்தோடு நின்றுவிடுவதில்லை. மலைக்கும் சொல்லலாம், நடைக்கும் சொல்லலாம், மழைமேகத்துக்கும் சொல்லலாம். பெண் என்றால் அழகு, ஆண் என்றால் வீரம் என்று பிரித்துப் பெயர் வைக்கிற பழக்கத்துக்கு நடுவில், ஒரு பையனுக்குக் கூச்சமில்லாமல் வைக்கக்கூடிய அழகுப் பெயர் இது. ஆண்களில் எழில் என்றே பெயர் கொண்ட திரைப்பட இயக்குநர் இருக்கிறார். எழிலரசிகளை நாளெல்லாம் எழில் என்றே கூப்பிடும் வீடுகள் ஏராளம். தமிழிலேயே நிரல் எழுதிப் பழகுவதற்காக உருவாக்கிய கணினி மொழிக்கும் எழில் என்றுதான் பெயர் வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, இரண்டு காலமும் இருக்கிறது.

சிக்கல் ழகரம். நாம் சிறப்பு ழகரம் என்று பெருமைப்படுவோம், பேசும்போது பாதிப் பேர் விட்டுவிடுவோம். மதுரைக்குத் தெற்கே அது பெரும்பாலும் எளில் ஆகிவிடும். பழைய சென்னைப் பேச்சில் பழம் பயம் ஆவதுபோல எயில் ஆகும். எயில் என்றால் கோட்டை, அதுவும் நல்ல தமிழ்தான் என்று நான் சொன்னதற்கு என் தங்கை சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் இசட்டும் எச்சும் போட்டு எழுதுவோம். அதைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரர் ஏதோ 'ஸ' வருகிறது என்று நினைத்து எஸில் என்பார். ஈழத்தமிழர்கள் பலர் வெறும் எல் போட்டு முடித்துவிடுகிறார்கள், படிக்க எளிது, ஆனால் அது எலில். பிள்ளை வளரப்போவது தமிழ்நாட்டில் என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ என்றால், வகுப்பின் முதல் நாளில் ஆசிரியர் பட்டியலைப் பார்த்துத் தயங்கி நிற்கும் இடத்தில் "நான்தான்" என்று கையைத் தூக்கிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு சின்னத் தொல்லை, சுற்றுலாக் கட்டுரைகள். 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று எழுதாத சுற்றுலாக் கட்டுரை தமிழில் உண்டா? பள்ளிக்கூடத்தில் அதை வைத்து ஓட்டுவார்கள். தாங்கக்கூடிய கிண்டல்தான்.

மதி இதற்கு நேர் எதிர். ழகரம் இல்லை, வல்லின ஒற்று இல்லை, உயிரில் முடிகிறது. உயிரில் முடிவதன் அருமை கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். தமிழ் வாய் மெய்யில் முடியும் பெயரை அப்படியே விடாது, ஒரு 'உ' ஒட்டிவிடும். எழிலு, சுடரு, யாழு, கிரணு. கொல்லைப்புறத்திலிருந்து பாட்டி கூப்பிடும்போது "ஏ சுடரூ" என்றுதான் வரும். மதி மட்டும் மாறாமல் வரும். எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், "மதீ" என்று நாலு வீடு தள்ளிக் கேட்கும். நாள் முழுக்கக் கூப்பிடப்போகும் பெயருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பொருளிலும் அதற்கு இரட்டை லாபம். நிலவு என்பது ஒன்று; அப்பர் 'மாசில் வீணையும் மாலை மதியமும்' என்று பாடினாரே, அந்த மதி. அறிவு என்பது இன்னொன்று. வடமொழியிலிருந்து வந்தது, மதிநுட்பம் என்று குறளிலேயே உட்கார்ந்திருக்கிறது. நிலவைப் பெண்ணுக்கும் அறிவை ஆணுக்கும் ஒதுக்குகிற பழக்கத்தால் ஒரே பெயர் இரண்டு பக்கமும் சமமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வெண்மதி, வான்மதி, இளமதி ஒரு கை; மதிவாணன், மதியழகன் மறு கை. தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவராக இருந்த கே. ஏ. மதியழகனை அந்தத் தலைமுறையினர் நினைவில் வைத்திருப்பார்கள். பத்திரிகையில் கேலிச்சித்திரம் போடும் மதியைத் தெரியாத தினமணி வாசகர் இருக்க மாட்டார்.

சரி, குறை? மூன்று இருக்கிறது. ஒன்று, ரொம்பச் சின்னப் பெயர் என்பதால் செல்லப் பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள். "கூப்பிடுற பேரு சரி, முழுப்பேர் என்ன?" என்று விண்ணப்பப் படிவத்தோடு உட்கார்ந்திருப்பவர் கேட்பார். இரண்டு, கேரளத்தில் மதி என்றால் போதும் என்று பொருள். பாலக்காடு, நாகர்கோவில் எல்லையில் இருக்கும் குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும். அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் போதும்பொண்ணு என்று பெயர் வைத்த ஊர்கள் நம்முடையவை. அந்த நினைப்பு இருக்கிறவர்களுக்கு, மலையாளத் தோழி தன் மகளை 'போதும்' என்று கூப்பிடுவதுபோலக் கேட்பது உறுத்தலாம். மூன்றாவது பையனுக்கு மட்டும் வருவது, அது என் தங்கை கண்டுபிடித்தது. அவன் பெரியவனாகி, பத்திரிகையிலோ பெயர்ப்பலகையிலோ மரியாதையாகத் திரு போட்டால் 'திரு. மதி' ஆகிவிடும். புள்ளியை அச்சடிக்கிறவர் விட்டுவிட்டால் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை திருமதி. எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பில் அந்தப் பெயருக்கு விழ இருந்த ஓட்டு ஒன்று குறைந்துபோனது. நடுவில் ஒரு எழுத்து இனிஷியல் சேர்த்து எழுதினாலே தீர்ந்துபோகும் என்பது என் கருத்து.

கிரண் பற்றிச் சொல்ல ஒரு வழக்கே இருக்கிறது. ஜெர்மனியில் பிள்ளையின் பெயரைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்பது பதிவு அலுவலகங்களின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. தெரியாவிட்டால், தெரிகிற மாதிரி இரண்டாவது பெயர் ஒன்றையும் சேர்க்கச் சொல்வார்கள். இந்தியத் தொடர்புள்ள ஒரு குடும்பம் தங்கள் மகளுக்குக் கிரண் என்று பெயர் வைக்கப்போனபோது, இது ஆண்களுக்கும் உள்ள பெயராயிற்றே என்று பதிவாளர் மறுத்துவிட்டார். பெற்றோர் விடவில்லை. கீழே தோற்று, அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: பெயர் பாலைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, பிள்ளையின் நலனுக்குக் கேடு வந்தால்தான் தடுக்கலாம், இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு நாட்டின் பெயர் வழக்கத்தையே நம் ஊர்ப் பெயர் ஒன்று மாற்றியது. மாப்பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து அவருடைய பிடி இறுகிவிட்டது, அது என் தவறு இல்லை.

கதிர் என்று பொருள்படும் வடமொழிச் சொல் அது. ஐந்தில் உண்மையாகவே நடுவில் நிற்கும் பெயர் எது என்றால் கிரண்தான். முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி; புதுச்சேரியில் துணைநிலை ஆளுநராக இருந்ததால் நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பயோகானைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா பெண். விக்கெட் கீப்பர் கிரண் மோரே ஆண். இஸ்ரோ தலைவராக இருந்த கிரண் குமார் ஆண். 2006இல் புக்கர் பரிசு வாங்கிய கிரண் தேசாய் பெண். இவ்வளவு சமமாகப் பிரிந்த பெயரைத் தமிழில் தேடினாலும் கிடைக்காது. கிரந்த எழுத்தும் வேண்டாம், ணகரம் நம் வாய்க்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனாலும் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் அது குமாரைத் தேடுகிறது. கிரண்குமார் என்று கேட்டுப் பழகிய காது. பெண் என்றால் வடக்கத்தி என்று நினைத்து இந்தியில் பேச ஆரம்பிப்பார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. கியரன் என்று அங்கே பழைய ஆண் பெயர் ஒன்று உண்டு, காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழும். அங்கே வளரும் கிரண் என்ற பெண்ணுக்கு ஆண் என்று நினைத்துத்தான் கடிதம் வரும். தமிழ்ப் பெயர் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் வீட்டில் இதைப் பேசிப் பயனில்லை. அப்படி உறுதி இல்லாத, மும்பைக்கும் பெங்களூருக்கும் மாறிக்கொண்டே இருக்கிற குடும்பத்துக்கு இதுதான் முதல் பெயர்.

சுடர் இதே வெளிச்சத்தின் தமிழ்ப் பக்கம். ஆழ்வார் பாட்டில் சுடராழியான் என்று திருமாலின் சக்கரத்தோடு வரும். வீட்டில் விளக்கோடு வரும். சுடர்விழியும் சுடர்க்கொடியும் பெண் பக்கம், சுடர்வண்ணன் ஆண் பக்கம். மொத்தத்திலேயே ஆள் குறைவு என்பதுதான் இதன் பலம். ஊர் இன்னும் எந்தப் பக்கமும் சாய்க்கவில்லை, வகுப்பில் இரண்டாவது சுடர் இருக்கப்போவதும் இல்லை. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, யார் படித்தாலும் கிட்டத்தட்டச் சரியாக வரும். எதிர்ப்பு வரப்போவது வயதானவர்களிடமிருந்து. "சுடும்ங்கிற மாதிரி இருக்கே" என்பார்கள். சு என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் பெயர் சதய நட்சத்திரத்துக்குப் பொருந்தும் என்று சொல்லிப் பாருங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

நட்சத்திரம் பார்க்கிற வீடுகளுக்கு மற்றவையும்: ம மகத்துக்கு, எ கார்த்திகைக்கு, யா கேட்டைக்கு, கி மிருகசீரிடத்துக்கு. பார்க்காத வீடுகள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

யாழைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெயர் அழகு, சந்தேகமே இல்லை. பேரியாழுக்கு 21 நரம்பு என்பார்கள். வாசிக்க ஆளில்லாமல் மறைந்த அந்தக் கருவியை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. குழலும் யாழும் இனிது என்று சொல்கிறவர்கள் தம் பிள்ளைகளின் மழலையைக் கேளாதவர்கள் என்கிறது குறள். அந்தக் கணக்கில் பிள்ளைக்கு யாழ் என்று பெயர் வைத்தால் மதிப்பெண் கொஞ்சம் குறைகிறது, போகட்டும். மூன்று காரணத்தால் இதைத் தள்ளிவிட்டேன். யாழினி பரவிய பரவலில் யாழ் முழுக்கப் பெண் பக்கம் போய்விட்டது. ழகரம் கடைசியில் ஒற்றாக நிற்பதால் எழிலைவிடக் கடினம். ஈழத்தமிழருக்கு அது ஒரு ஊர். யாழ் பல்கலைக்கழகம், யாழ் தேவி ரயில் என்று அன்றாடம் புழங்கும் ஊர்ப் பெயர். விட்டு வந்த ஊரைப் பிள்ளையின் பெயரில் வைத்துக்கொள்ள விரும்பும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு இதே காரணம் பெரிய ஈர்ப்பாக இருக்கலாம், அவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் பெண் பிறந்தால் யாழினி என்றே வைத்துவிடுவது நல்லது.

இப்போது பொதுவாக ஒரு விஷயம். இப்படிப்பட்ட பெயர் வைத்தால் பால் தெரியாது, அது சுதந்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். தமிழில் பேசும்போது அது முதல் வினைச்சொல் வரைக்கும்தான் தாங்கும். "மதி வந்தாளா?" என்று கேட்டதுமே முடிந்தது. பெயர் மறைப்பதை விகுதி சொல்லிவிடும். தெரியாமல் இருப்பது தாளில் மட்டும்தான்: விண்ணப்பம், மின்னஞ்சல், வருகைப் பட்டியல், விடுதி அறை ஒதுக்கீடு. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடும் நம் வழக்கம் அங்கே உதவாது. பஞ்சாபிகள் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். முன்பெயர் பொது, பின்னால் சிங் என்றால் ஆண், கவுர் என்றால் பெண். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், 2025இல் மகளிர் உலகக்கோப்பை வென்ற கிரிக்கெட் அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர். ஒரே பெயரில் இரண்டு கேப்டன்கள், யாருக்கும் குழப்பமில்லை. நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்பதால் குழப்பம் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

பெரும்பாலும் அது 'டியர் சார்' என்று வரும் மின்னஞ்சல் அளவில் நின்றுவிடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருக்கச் சொல்வேன். எழில் என்ற கல்லூரிப் பெண்ணின் ரத்தப் பரிசோதனைத் தாளை நான் பார்த்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 12.4. பெண்ணுக்கு அது சரியான அளவு. தட்டச்சு செய்தவர் பெயரைப் பார்த்து ஆண் என்று போட்டுவிட்டதால், ஆணுக்குரிய 13 என்ற கீழெல்லையோடு ஒப்பிட்டுக் குறைவு என்று தடித்த எழுத்தில் வந்திருந்தது. அவளுடைய அம்மா இரும்புச் சத்து மாத்திரை வாங்கிவிட்டு வந்துதான் தாளின் மேல்பக்கத்தைப் பார்த்தார். பெயர் பொதுவானது என்றால் பால் என்ற கட்டத்தை ஒவ்வொரு முறையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வகம், காப்பீடு, ரயில் டிக்கெட், எல்லாவற்றிலும்.

ஈர்ப்பு என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது வேறு. இந்தப் பெயர்கள் பிள்ளையிடம் எதையும் முன்கூட்டியே கேட்பதில்லை. வீரனாக இரு என்றும் சொல்வதில்லை, அடக்கமாக இரு என்றும் சொல்வதில்லை. வளர்ந்தபின் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றி உணரும் பிள்ளைக்கும் பெயரை மாற்ற அரசிதழ், விளம்பரம் என்று அலையத் தேவையிருக்காது. மற்றபடி, பெயர் பொது என்பதால் வீட்டில் பாத்திரம் கழுவும் வேலை பொதுவாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அதற்குப் பெயர் போதாது.

என் ஓட்டு எழிலுக்கு, பிள்ளை தமிழ்நாட்டில் வளர்வதாக இருந்தால். ழகரத்தை ஊர் எப்படிச் சொன்னாலும் பெயர் தாங்கிக்கொள்ளும். ஆண் வைத்தாலும் பெண் வைத்தாலும் சிறுத்துப்போகாது. வெளிநாட்டில் வளரப்போகிறது, அல்லது வீட்டில் நாலு பெரியவர்கள் கூப்பிடப்போகிறார்கள் என்றால் மதி. சுடர் எனக்கு எழிலுக்கு மிக அருகில்தான் நிற்கிறது. யாரிடமும் இல்லாத பெயர் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். என் தங்கையின் மாமியார் எங்கள் விவாதம் எதையும் கேட்காமலே மதி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், இன்னும் பிறக்காத பிள்ளையை. அங்கே எழில் ஜெயிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முடிவு வராவிட்டாலும் அவசரமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமலே சான்றிதழ் தருவார்கள். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதுவரை இரண்டு மூன்று பெயரையும் வீட்டில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பாருங்கள். பெயர் சேர்க்கப் போகும் நாளில் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். எழில் என்றால் இசட்டும் எச்சுமா, எல்லா. மதி என்றால் டி-எச்சா, டி-ஐயா என்பதைக் கவுன்டரில் இருப்பவர் முடிவு செய்ய விடாதீர்கள். ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாம் அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் எழுதும்.